நிமிர்ந்த வால்

ஒரு காட்டில் இரண்டு மலைகள், பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு வீடுகளைப் போல, எதிரெதிரே நின்றன. நடுவில் ஆழமான பள்ளம். பள்ளத்தில் எந்நேரமும் காற்று.

இந்தப் பக்கத்து மலையில் நல்ல புல். அந்தப் பக்கத்து மலை வெறும் பாறை. அந்தப் பாறையில் கீழிருந்து மேலாக ஏழு படிகள் இருந்தன. யாரும் செதுக்கியவை அல்ல, மழையும் வெயிலும் உடைத்துப் போட்டவை.

அங்கே வாழ்ந்த வரையாடுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் தாய் ஆடுகள் எல்லாம் இந்தப் பக்கம் மேய வந்துவிடும். குட்டிகளை அந்தப் பக்கத்துப் பாறையில் ஒரே ஓர் ஆட்டின் காவலில் விட்டுவிட்டு வரும். நம் ஊர் பால்வாடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதெல்லாம் காவலுக்கு இருந்தவள் வாகை அக்கா. பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

அந்த ஏழு படிகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கவனமாகக் கேளுங்கள். முதல் ஐந்து படிகளுக்குச் சிறுத்தை தாவிவிடும். ஏழாம் படி உச்சிமேட்டோடு சேர்ந்தது. அங்கே செந்நாய்கள் கூட்டமாகச் சுற்றும். ஆறாம் படி மட்டும் வழுக்குப் பாறையின் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒடுங்கிய திட்டு. வரையாட்டின் குளம்பைத் தவிர வேறு எந்தக் காலும் அங்கே நிற்காது. ஆனால் நாள் முழுக்க அங்கே இருக்க முடியாது. திரும்பக்கூட இடம் இல்லை. ஆகவே குட்டிகள் நாலாம் படியிலோ ஐந்தாம் படியிலோ விளையாடும். ஆபத்து என்றால் ஆறாம் படிக்குப் போக வேண்டும். ஐந்து போதாது. ஏழு கூடாது.

ஆபத்து வருகிறது என்று அந்தப் பக்கத்துக்கு யார் சொல்வது? ஆட்டின் பேச்சு பள்ளத்தைத் தாண்டாது. ஆட்டின் சீட்டி தாண்டும், ஆனால் சீட்டியில் 'ஜாக்கிரதை' என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. எந்தப் படி, எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டுமானால் ஒரே வழிதான். கருமந்தி.

மந்தியார் பள்ளத்தின் விளிம்பில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருப்பார். நல்ல கனத்த குரல். செய்தியைக் கேட்டுக்கொள்வார். இரண்டு கைகளையும் வாயருகே குவிப்பார். கத்துவார். கத்தி முடித்ததும் தன் நீண்ட வாலை நட்டுக்குத்தலாக நிமிர்த்துவார். வால் நிமிர்ந்தால் செய்தி போய்விட்டது என்று பொருள். காடு முழுக்க அதை நம்பியது. வால் நிமிர்ந்ததும் எல்லாரும் தலையைக் குனிந்து அவரவர் புல்லைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

வகுப்பில் மிஸ் பெயரைக் கூப்பிட்டால் நீங்கள் 'பிரசென்ட் மிஸ்' என்கிறீர்கள். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் மிஸ் சும்மா ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவாரா? மாட்டார். அந்தக் காட்டில் போட்டார்கள். வருடக்கணக்காகப் போட்டார்கள்.

அந்தப் பள்ளத்துக் காற்றோ ஒரே சீராக வீசுவதில்லை. உங்கள் வீட்டு வைஃபை விட்டு விட்டு வருமே, அதுபோல ஒரு வீச்சு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு வீச்சு. இடைவெளியில் கத்தினால் சொல் முழுசாகப் போகும். வீச்சில் கத்தினால் பள்ளத்தில் விழும். இரண்டும் கலந்த நேரத்தில் கத்தினால் பாதி போகும், பாதி விழும். மந்தியார் இதையெல்லாம் பார்ப்பதில்லை. கத்துவதுதான் தன் வேலை, காற்று தன் வேலையல்ல என்பார்.

போன மழைக்காலத்தில் பூளை என்ற ஆட்டின் குட்டி செத்தது. அன்று குட்டிகள் ஐந்தாம் படியில் இருந்தார்கள். சிறுத்தையைப் பார்த்துவிட்டு, ஒரு படி ஏறச் சொல்லுங்கள் என்று தாய்கள் சொன்னார்கள். மந்தியார் கத்தினார். வால் நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, எதற்கும் இருக்கட்டும் என்று அதையே இன்னொரு தடவை கத்தினார். மறுபடி வால் நிமிர்ந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் குட்டிகள் எல்லாம் ஏழாம் படியில் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். பூளையின் குட்டியை மட்டும் காணவில்லை. செந்நாய்கள்.

காட்டுக்குத் தலைவரான காட்டெருமை பஞ்சாயத்துக் கூட்டினார். உச்சிக்கு ஏன் கூட்டிப்போனாய் என்று வாகை அக்காவைக் கேட்டார்கள். சொன்னபடிதான் ஏறினோம் என்றாள் அவள். அவளுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் காட்டெருமை தீர்ப்புச் சொன்னார். வால் நிமிர்ந்ததைத் தானே கண்ணால் பார்த்ததாகவும், ஆகையால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், அதற்குமேல் நடந்தது விதி என்றும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றையிலிருந்து பூளை யாரிடமும் பேசவில்லை.

அன்று தலையாட்டியவர்களில் செவலி என்ற இளம் ஆடும் ஒருத்தி. அப்போது அவளுக்குக் குட்டி இல்லை.

இந்த மழைக்காலத்தில் இருந்தது. பிறந்து நாற்பது நாள். நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு, அதனால் சுட்டி என்று பெயர்.

ஒரு நாள் மத்தியானம் பள்ளத்திலிருந்து மூடுபனி எழும்பிக்கொண்டிருந்தது. செவலி விளிம்பில் நின்று எதிர்ப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டிகள் நாலாம் படியில் முட்டி விளையாடுவது தெரிந்தது. அவர்களுக்கு நேர் கீழே, பாறையோடு பாறையாக ஏதோ அசைந்தது. சிறுத்தை. அதைப் பார்த்து முடிப்பதற்குள் பனி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

செவலி ஓடினாள்.

மந்தியார் ஓர் இளந்தளிரை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். மேலே மரக்கிளையில் மலை அணில் தொங்கிக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தது. காட்டெருமை பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி பூளை மேய்ந்துகொண்டிருந்தாள்.

"மந்தி மாமா, சிறுத்தை ஏறுகிறது. குட்டிகள் நாலாம் படியில் இருக்கிறார்கள். இரண்டு படி ஏறச் சொல்லுங்கள்."

பொறு தாயி என்று தளிரைத் தின்று முடித்தார். கையைக் குவித்தார். "இரண்டு படி ஏறுங்கள்" என்று கத்தினார். சரியாக அந்த நேரத்தில்தான் காற்று ஒரு வீச்சு வீசியது. வால் நிமிர்ந்தது.

"போய்விட்டது," என்றார்.

செவலி நகரவில்லை. "பதில் வந்ததா?"

மந்தியாருக்குக் கேள்வியே புரியவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. "பதிலா? நான் சொல்கிறவன் தாயி. கேட்கிறவன் இல்லை."

"அப்படியென்றால் போனது என்று எப்படித் தெரியும்?"

மந்தியார் திரும்பித் தன் வாலைக் காட்டினார்.

அணில் விழுந்து விழுந்து சிரித்தது. போன வாரம்கூட இந்த அக்கா மேகம் தாழ இறங்குகிறது, குட்டிமேல் இடிக்காதா என்று கேட்டதை எல்லாருக்கும் ஞாபகப்படுத்தியது. தலைச்சன் பிள்ளைக்காரி அப்படித்தான் இருப்பாள் என்றார் காட்டெருமை. போய் இரண்டு வாய் புல் தின்றால் படபடப்பு அடங்கிவிடும் என்று அன்பாகச் சொன்னார்.

குழந்தைகளே, இந்த அன்பை அடையாளம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பயந்து வந்து கேள்வி கேட்கிறவளிடம் 'நீ பயப்படுகிறாய்' என்று சொல்வது பதில் ஆகாது. அவள் பயப்படுகிறாள் என்பது அவளுக்கே தெரியும்.

அழுதுவிடுவாளோ என்று மந்தியார் இரக்கப்பட்டார். "சரி தாயி, உன் மனசு ஆறட்டும். அதையே இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன்," என்று கையைக் குவித்தார்.

செவலி பூளையைப் பார்த்தாள். பூளை தலையைத் தூக்கியிருந்தாள்.

இன்னொரு தடவை. அன்றைக்கும் இன்னொரு தடவைதான். செவலி மனதுக்குள் எண்ணினாள். முதல் தடவை சொன்னது போகவில்லை என்றால், இந்தத் தடவை கேட்டு நாலிலிருந்து ஆறுக்குப் போவார்கள். முதல் தடவையே போயிருந்தால், இப்போது ஆறில் நிற்பார்கள். இதையும் கேட்டால் மறுபடி ஏறுவார்கள். ஆறுக்கு மேலே செந்நாய். இரண்டில் எது என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே கத்தப் போகிறார்.

அவள் ஒரே தாவில் பாறைமேல் ஏறி, மந்தியாரின் வால்மேல் குளம்பை வைத்து அழுத்தினாள்.

கத்த வாயைத் திறந்தவர் வேறு மாதிரிக் கத்தினார். "என்னை மிதிக்கிறாய் நீ."

"ஆமாம், மிதிக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்வரை இந்த வால் எழுந்திருக்காது."

பெரியவரை அப்படிச் செய்யலாமா என்று காட்டெருமை எழுந்து வந்தார். அவள் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை.

"இதோ பார். 'இரண்டு படி ஏறுங்கள்' என்று இனிமேல் சொல்லாதே. 'ஆறாம் படி' என்று சொல்."

"இரண்டும் ஒன்றுதானே," என்றார் காட்டெருமை.

"ஒன்றில்லை. 'ஏறு' என்று இரண்டு தடவை கேட்டால் இரண்டு தடவை ஏறுவார்கள். 'ஆறாம் படி' என்று நூறு தடவை கேட்டாலும் ஆறாம் படியில்தான் நிற்பார்கள்."

காட்டெருமை அசைபோடுவதை நிறுத்தினார். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பூளைக்குப் புரிந்தது.

செவலி காற்றைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு வீச்சு அடங்கியதும் குளம்பால் ஒரு தட்டுத் தட்டினாள். மந்தியார் கத்தினார். "ஆறாம் படி. நின்றதும் ஆறு சீட்டி." அவ்வளவுதான். சின்னதாக இருந்தால்தான் இடைவெளிக்குள் அடங்கும் என்று அவள் வெட்டிச் சுருக்கிக் கொடுத்திருந்தாள்.

கத்தி முடித்த கையோடு மறுபடி கத்தப் பார்த்தார். குளம்பு அழுந்தியது.

"வாயை மூடு. நீ கத்திக்கொண்டே இருந்தால் அங்கிருந்து வருவது எப்படிக் கேட்கும்?" என்றவள் மேலே பார்த்தாள். "அணில், நீயும்தான்."

அணில் வாயை மூடியது. அது பிறந்ததிலிருந்து நடக்காத காரியம்.

உங்கள் வீட்டுக் கணினி கம்பியில்லாமல் காற்றில் ஒரு செய்தியை அனுப்பும்போதும் இதைத்தான் செய்கிறது. செய்தியைச் சின்னச் சின்னதாக வெட்டி அனுப்பும். பேசாமல் காத்திருக்கும். 'வந்தது' என்று பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். அதற்குக் கோபம் வராது. செவலிக்கு வந்தது. அந்த ஒன்றுதான் வித்தியாசம்.

காற்று மூன்று தடவை வீசி அடங்கியது. பதில் இல்லை.

"மறுபடி சொல்."

மந்தியார் சொன்னார். இந்தத் தடவை அவள் முன்னைவிட அதிக நேரம் காத்திருந்தாள். ஒன்பது குட்டிகள். அந்த வழுக்கலில் ஒவ்வொன்றையும் வாகை அக்கா பின்னாலிருந்து முட்டி முட்டி ஏற்ற வேண்டும். அதற்கு நேரம் ஆகும். காத்திருப்பது செவலிக்கு எப்படி இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. குளம்புக்கு அடியில் இருந்த வாலைக் கேட்டால் தெரியும்.

பனிக்குள்ளிருந்து மெல்லியதாக ஒரு சீட்டி. இன்னொன்று. மூன்றாவது. நாலாவது. உடனே காற்று வந்து மூடிக்கொண்டது.

"வந்துவிட்டது பார்," என்றார் மந்தியார். மிதிபட்ட வால் எழுந்திருக்கத் துடித்தது.

"நாலு," என்றாள் செவலி.

"மீதி இரண்டைக் காற்று தின்றிருக்கும். நீயே கூட்டிக்கொள்."

"தின்றிருக்கலாம். பாதி வழியில் சீட்டி அடிக்கும்போதே சிறுத்தை வந்திருக்கலாம். எது என்று உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல மந்தியாருக்கு வாய் வரவில்லை. இதுவரை சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை அது. தொண்டை வலிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

"வலிக்கட்டும். மறுபடி சொல்."

மூன்றாவது தடவையாக அவர் கத்தினார். "ஆறாம் படி. நின்றதும் ஆறு சீட்டி."

காட்டெருமையின் வாயில் புல் அப்படியே நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. காற்று லேசாகத் தூக்கியது, போய்விட்டது. ஆறு.

அதற்குப் பிறகு ஏழாவதாக ஒன்று வந்தது. சீட்டி என்றே அதைச் சொல்ல முடியாது, பாதிக் காற்றும் பாதி எச்சிலுமாக ஒரு பிசிறல். பிறந்து நாற்பது நாளான ஒருத்தி பெரியவர்களைப் பார்த்து அடிக்கக் கற்றுக்கொள்கிற சீட்டி. செவலி அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

பனி கிழிந்தது. ஆறாம் படியில் ஒன்பது குட்டிகளும் பாறையோடு ஒட்டி வரிசையாக நின்றார்கள். வாகை அக்கா ஓரத்தில் நின்றாள். நேர் கீழே ஐந்தாம் படியில் சிறுத்தை. அது மேலே பார்த்தது. ஒரு முன்னங்காலை வழுக்குப் பாறையில் வைத்தது. கால் சறுக்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் போய்விட்டது.

நடந்தது என்ன என்று வாகை அக்கா பின்னால் வந்து சொன்னாள். முதல் தடவை மந்தியார் கத்தியபோது 'இரண்டு' என்பது பள்ளத்தில் விழுந்துவிட்டது. 'படி ஏறுங்கள்' மட்டும்தான் அந்தப் பக்கம் போனது. ஒரு படி என்று நினைத்து அவள் குட்டிகளை ஐந்தாம் படிக்கு ஏற்றிவிட்டாள். சிறுத்தை தாவுகிற இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். இந்தப் பக்கம் வால் நிமிர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அந்தப் பக்கம் நடந்தது அதுதான். மந்தியார் இரக்கப்பட்டு அதையே மறுபடி சொல்லியிருந்தால், ஐந்தோடு இரண்டு சேர்ந்து ஏழுக்குப் போயிருப்பார்கள். சிறுத்தைக்குத் தப்பிச் செந்நாயிடம் போயிருப்பார்கள்.

செவலி வாலிலிருந்து காலை எடுத்தாள். மந்தியார் வாலை இழுத்து மடியில் வைத்துத் தடவினார். நக்கினார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? அதை நிமிர்த்தினார்.

"செய்தி போய்விட்டது என்று நான் அப்போதே சொன்னேன்," என்றார்.

எல்லாம்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே, பிறகு எதற்குக் கோபம் என்று காட்டெருமை செவலியைக் கேட்டார். இவ்வளவு வருடமாகக் காட்டுக்கு உழைக்கிறவரின் வாலை மிதித்ததற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் பெருந்தன்மையாக இருக்கும் என்றார். அணிலும் அதுதான் முறை என்றது. ஆபத்து நீங்கியதும் அதற்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

செவலி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவளைத் தாண்டிக்கொண்டு பூளை முன்னால் வந்தாள். ஒரு வருடமாகப் பேசாத குரல், கரகரத்தது.

"போன மழையில் எத்தனை தடவை கத்தினாய்?"

"இரண்டு தடவை தாயி. உனக்காக ஒன்று கூடுதலாகவே சொன்னேன்."

"எத்தனை படி என்று சொன்னாய்?"

"தடவைக்கு ஒரு படிதான்."

"சீட்டி வந்ததா?"

மந்தியார் பள்ளத்தைப் பார்த்தார். ஐந்தாம் படியிலிருந்து ஒன்று, மறுபடி ஒன்று. அங்கே நின்ற எல்லாருக்கும் அவ்வளவு கணக்குத் தெரியும். ஒரு வருடமாகத் தெரியும், போட்டுப் பார்க்கத்தான் யாரும் இல்லை. அணில் சத்தமில்லாமல் மேல்கிளைக்கு ஏறிப் போயிற்று. தீர்ப்புச் சொன்னவர் தரையைப் பார்த்தார். செவலியும் தரையைப் பார்த்தாள், அன்று அவளும்தான் தலையாட்டினாள்.

யாரும் தொடாமலே வால் இறங்கியது.

மறுநாள் காலையில் தாய்கள் மேய வந்தபோது பூளை மேயப் போகவில்லை. நேராக அந்தப் பாறைக்குப் போய் மந்தியாரின் பக்கத்தில் நின்றுகொண்டு, வால்மேல் ஒரு குளம்பை வைத்தாள். அன்றையிலிருந்து தினமும் அப்படித்தான். யார் செய்தி கொண்டுவந்தாலும் மந்தியார் கத்துவார். பிறகு எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். சீட்டி வரும். பூளை எண்ணுவாள். எண்ணிக்கை சரியாக இருந்தால் காலைத் தூக்குவாள். ஒன்று குறைந்தாலும் தூக்கமாட்டாள்.

உன் கால் கனமாக இருக்கிறது என்று மந்தியார் அவ்வப்போது முணுமுணுப்பார். பூளை அதற்குப் பதில் சொல்வதில்லை. அவள் காது அந்தப் பக்கத்தில் இருக்கும்.

நீதி: 'சொல்லிவிட்டேன்' என்பது பாதி வேலைதான், 'கேட்டுவிட்டேன்' என்று அந்தப் பக்கம் சொல்லும்வரை உன் வாலை நிமிர்த்தாதே.